சமூக ஊடக உபவாசம்: முதல்முறை இருக்கப் போகிறவர்களுக்கு

ஞாயிறு இரவு ஒரு வேகத்தில் எல்லா ஆப்பையும் அழிப்பது, புதன்கிழமைக்குள் ஒவ்வொன்றாகத் திரும்ப இறக்கிக்கொள்வது. பலருடைய சமூக ஊடக உபவாசம் இப்படித்தான் முடிகிறது. பக்தி குறைந்துபோனதால் இப்படி ஆவதில்லை. வெளியேறுவதை மட்டும் யோசித்துவிட்டு, காலியாகிற நேரத்தில் எங்கே உட்கார்ந்து எதை வாசிப்பது, யாருக்காக ஜெபிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யாததால் ஆகிறது. கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல், தொடங்கும் நாளுக்கு முந்தைய வாரத்திலேயே முடிக்க வேண்டியவை. அந்த ஒரு வாரத்தைக் கொடுக்காமல் நேராக 5ஆம் படிக்குத் தாவாதீர்கள்.

1. நாள் குறியுங்கள்

"இனிமேல் குறைத்துக்கொள்வேன்" என்பது உபவாசம் ஆகாது. தொடக்கமும் முடிவும் தேதியும் மணியுமாக எழுதப்பட வேண்டும். முதல்முறை என்றால் 7, 21, 40 ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

7 நாள் ஒரு வெள்ளோட்டம். பழக்கம் மாறாது, ஆனால் எந்த நேரத்தில் கை தானாகப் போனைத் தேடுகிறது என்று தெரிந்துவிடும். 21 நாள் என்பது தானியேல் 10:2-3இல் வரும் மூன்று வாரக் கணக்கு. முதல்முறை இருப்பவர்களுக்கு இதுவே ஏற்றது. 40 நாள் என்றால் பெரும்பாலும் ஈஸ்டருக்கு (உயிர்த்தெழுதல் ஞாயிறுக்கு) முந்தைய தவக்காலமான லெந்து காலத்தை ஒட்டி இருப்பார்கள். இங்கே ஒரு கணக்குக் குழப்பம் உண்டு. சாம்பல் புதன் முதல் உயிர்த்தெழுதல் ஞாயிறுக்கு முந்தைய சனி வரை நாட்காட்டியில் 46 நாள். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. உதாரணமாக 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. ஞாயிறுகளில் ஊடகத்தைத் திறக்கலாமா கூடாதா என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். முதல் ஞாயிறு மதியம் உட்கார்ந்து யோசித்தால் பதில் எப்போதும் "திறக்கலாம்" என்றுதான் வரும். எங்கள் பரிந்துரை: ஞாயிறிலும் திறக்க வேண்டாம். ஒரு வாரம் தேங்கியதை ஒரே நாளில் பார்த்துத் தீர்க்கப் போய் அந்த நாளும் போய்விடும்.

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய அட்வெந்து காலமும் நல்ல தேர்வு. அது தொடங்கும் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் விழும். எனவே கிறிஸ்துமஸ் வரை 22 முதல் 28 நாள் கிடைக்கும்.

வேலை தேடிக்கொண்டிருக்கும் மாதம், வீட்டில் கல்யாணம், தேர்வு முடிவு வரும் வாரம் ஆகியவற்றைத் தவிர்த்து நாள் வையுங்கள். திங்கள் காலையில் தொடங்கி ஞாயிறு ஆராதனை முடிந்தபின் முடிப்பது வசதி.

2. எது உள்ளே, எது வெளியே

ஒரு தாளை இரண்டாக மடித்து எழுதுங்கள். அளவுகோல் எளிது: விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருப்பது எல்லாம் உபவாசத்துக்குள். ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாக அனுப்பும் செய்தியும் போன் அழைப்பும் வெளியே.

இந்த அளவுகோலின்படி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ், ஸ்னாப்சாட், ரீல்ஸ், ஷார்ட்ஸ் எல்லாம் நிற்கும். வாட்ஸ்அப்பில் மெசேஜ் உண்டு, ஸ்டேட்டஸும் சேனலும் இல்லை. யூடியூபில் சபை ஆராதனையோ பிரசங்கமோ பார்க்க வேண்டுமென்றால் யாராவது அனுப்பிய லிங்க் வழியாக அதை மட்டும் பார்த்துவிட்டு மூட வேண்டும்.

இனி வருவதுதான் பெரிய ஓட்டை. "கிறிஸ்தவப் பக்கங்களை மட்டும் பார்க்கிறேன்" என்ற விலக்கு. ஒன்றரை நிமிடப் பிரசங்கத் துணுக்கு, சாட்சி வீடியோ, பின்னணி இசையோடு ஒரு வசனம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டு போவதும் அதே தள்ளல்தான். ஐந்தாவது வீடியோவில் அல்காரிதம் உங்களை வேறு எங்கோ கொண்டுபோய் விட்டிருக்கும். வாக்குத்தத்தப் படத்துக்குக் கீழே "ஆமென்" என்று கமெண்ட் போட்ட திருப்தியில், அந்த வசனம் எந்த அதிகாரத்தில், யாரிடம் சொல்லப்பட்டது என்று தேடும் பழக்கமே போய்விடுகிறது. இந்த விலக்கைக் கொடுக்காதீர்கள்.

அடுத்த ஓட்டை, மாற்று ஆப். இன்ஸ்டாகிராம் போன இடத்தில் செய்தி ஆப், ஸ்கோர் ஆப், பொருள் வாங்கும் ஆப், விளையாட்டு ஆப் வந்து உட்காரும். எதெல்லாம் அப்படி வரக்கூடும் என்று உங்களுக்கே தெரியும். அவற்றையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

வேலைக்காகவோ தொழிலுக்காகவோ பக்கம் நடத்துகிறவர்கள் கணினியில் மட்டும், குறித்த ஒரு நேரத்தில், 20 நிமிடம் என்று வரையறை வையுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளை மெட்டா பிசினஸ் சூட் மூலம் முன்கூட்டியே தேதியிட்டு வைத்துவிடலாம். சபையின் மீடியா குழுவில் ஊழியம் செய்கிறவர்கள் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தொடங்குவதே நல்லது. இரண்டாவது அட்மினைச் சேர்க்காமல் உங்கள் ஃபேஸ்புக் கணக்கை முடக்கினால், நீங்கள் மட்டும் நிர்வகிக்கும் பக்கமும் சேர்ந்து முடங்கும். சபைப் பக்கம் காணாமல் போய்விட்டது என்று சனிக்கிழமை இரவு போன் வரும்.

3. யாரிடம் சொல்ல வேண்டும், யாரிடம் வேண்டாம்

உபவாசத்தை மற்றவர்கள் காணும்படி செய்யாதீர்கள் என்பது மத்தேயு 6:16-18. "கர்த்தருக்குள் ஒரு இடைவேளை எடுக்கிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்ற விடைபெறும் பதிவு வேண்டாம். அதற்கு எத்தனை லைக் வந்தது என்று பார்க்கவே மறுநாள் உள்ளே போவீர்கள்.

ஆனால் வீட்டாரிடமும், தூரத்தில் இருக்கும் பெற்றோரிடமும், மெசஞ்சரில் மட்டும் பேசும் நண்பர்களிடமும் சொல்லாமல் மறைந்துபோவது அவர்களைப் பதறவைக்கும். இப்படி ஒன்று தனித்தனியாக அனுப்பினால் போதும்:

"வரும் திங்கள் முதல் மூன்று வாரம் ஃபேஸ்புக், இன்ஸ்டாவில் இருக்கமாட்டேன். அவசரம் என்றால் போன் செய்யுங்கள். வாட்ஸ்அப் மெசேஜுக்குக் காலையும் இரவும் பதில் தருவேன்."

காரணம் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம்.

இவர்களைத் தவிர ஒரு ஆள் தேவை: வாரம் ஒருமுறை உங்களிடம் கணக்குக் கேட்பவர். சபையில் உங்களைவிடச் சற்று மூத்தவர், உங்களிடம் முகத்துக்கு நேராகப் பேசத் தயங்காதவர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்றால் பேச்சு எளிது. பத்து நிமிட அழைப்பில் மூன்று கேள்வி. எந்த நாள், எந்த நேரத்தில் தவறியது? வாசித்ததில் எது மனதில் நின்றது? இந்த வாரம் யாரை நேரில் போய்ப் பார்த்தீர்கள்? இதே ஆள் 6ஆம் படியிலும் தேவைப்படுவார்.

4. முன்னதாக எடுத்து வைக்க வேண்டியவை

உபவாசத்தின் நடுவில் "ஒரே ஒரு விஷயத்துக்காக" உள்ளே போகவைப்பது இந்தப் பட்டியலில் உள்ளவைதான். எனவே தொடங்குவதற்கு நான்கைந்து நாள் முன்பே முடியுங்கள்.

தொலைபேசி எண்கள்: மெசஞ்சரிலோ இன்ஸ்டாவிலோ மட்டும் தொடர்பில் இருப்பவர்களின் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறந்தநாள், திருமண நாள்: உபவாச நாட்களுக்குள் வருபவற்றைக் காகித நாட்காட்டியில் எழுதுங்கள். அன்று போன் செய்து வாழ்த்தினால் போதும்.

பாஸ்வேர்டும் மீட்புக் குறியீடுகளும்: இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருந்தால் அதன் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கணக்கோடு இணைந்த மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் இப்போதும் உங்களிடம் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய எண்ணை விட்டுவிட்டவர்கள் திரும்பி வரும் நாளில் ஓடிபி கிடைக்காமல் வெளியிலேயே நிற்பார்கள்.

ஃபேஸ்புக் கணக்கால் நுழையும் வேறு தளங்கள்: பாட்டு ஆப், விளையாட்டு, பயண முன்பதிவு என்று எவ்வளவோ இருக்கும். அவற்றில் மின்னஞ்சல், பாஸ்வேர்டு முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். அந்த பட்டனை அழுத்தினால் முடக்கிய ஃபேஸ்புக் கணக்கு மறுபடி திறந்துவிடும்.

தரவுப் பிரதி: படங்களும் பழைய உரையாடல்களும் முக்கியம் என்றால் "உங்கள் தகவலைப் பதிவிறக்கு" வசதியில் விண்ணப்பியுங்கள். கோப்பு தயாராகச் சில நாள் ஆகலாம். தயாரானதும் வரும் லிங்க் சில நாளில் காலாவதியாகும். ஆகவே கடைசி நாளுக்கு விடாதீர்கள்.

சந்தாக்கள்: செலவில் கவனிக்க வேண்டிய ஒரே இடம் இது. நீல டிக், பிரீமியம் என்று மாதக் கட்டணம் போய்க்கொண்டிருந்தால், ஆப்பை அழிப்பதால் அது நிற்காது. பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரின் சந்தாப் பகுதிக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். பக்கத்தில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

மற்றபடி வாங்க வேண்டியவை ஒரு அச்சிட்ட வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு அலாரம் கடிகாரம். காசு கொடுத்து வாங்கும் பூட்டு ஆப்களும் "டிஜிட்டல் உபவாசப் பயிற்சி" வகுப்புகளும் தேவையே இல்லை.

5. கணக்கை என்ன செய்வது

முடக்குவது வேறு, நீக்குவது வேறு. இந்த வேறுபாடு ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால்தான் பலர் கணக்கையே இழக்கிறார்கள்.

ஃபேஸ்புக்: தற்காலிக முடக்கம் போதும். எத்தனை நாளும் வைக்கலாம். மெசஞ்சரை மட்டும் தொடரலாமா என்று கேட்கும். குடும்பத்துக்கு அது வேண்டுமென்றால் விடுங்கள், இல்லையென்றால் அதையும் அணையுங்கள். சில நாளில் தானாகத் திரும்பத் திறக்கும் விருப்பம் வந்தால் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். "நீக்கு" என்பதைக் கொடுத்தால் 30 நாள் அவகாசம். அதற்குள் உள்ளே வந்தால் நீக்கம் ரத்தாகும், வராவிட்டால் கணக்கு போனது போனதுதான்.

இன்ஸ்டாகிராம்: அக்கவுண்ட்ஸ் சென்டரில் தனிப்பட்ட விவரங்கள், அதற்குள் கணக்கு உரிமையும் கட்டுப்பாடும் என்ற பகுதியில் முடக்கம் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறைதான் முடக்க முடியும். நடுவில் ஆசைப்பட்டுத் திறந்துவிட்டால் அடுத்த சில நாள் மறுபடி முடக்க வழியிருக்காது. இதை முன்பே தெரிந்துகொண்டால் கை கொஞ்சம் தயங்கும்.

எக்ஸ்: இங்கே கவனம். இந்தத் தளத்தில் தற்காலிக முடக்கம் என்று தனியாக ஒன்று இல்லை. முடக்கினால் 30 நாள் கழித்து நிரந்தரமாக நீக்கப்படும். 40 நாள் உபவாசத்துக்காக எக்ஸை முடக்கியவர் ஈஸ்டர் அன்று வந்து பார்த்தால் கணக்கு இருக்காது. முடக்கவே வேண்டாம். எல்லாக் கருவிகளிலும் லாக்-அவுட் செய்து ஆப்பை மட்டும் அழியுங்கள்.

ஸ்னாப்சாட்: இதுவும் எக்ஸ் போலத்தான், 30 நாள் கணக்கு. லாக்-அவுட் போதும்.

யூடியூப்: பல ஆண்ட்ராய்டு போன்களில் இதை அழிக்க முடியாது, செட்டிங்ஸில் "செயலிழக்கச் செய்" என்று கொடுக்கலாம். அழிக்காமல் வைத்திருக்க விரும்பினால், பார்வை வரலாற்றை முழுவதும் அழித்துவிட்டு அதன் பதிவையும் அணைத்துவிடுங்கள். பரிந்துரைகள் இல்லாமல் முகப்புப் பக்கம் ஏறக்குறைய வெறுமையாகிவிடும். இந்த ஒரு மாற்றத்தால் கிடைக்கும் அமைதி, பல ஆப்களை அழிப்பதைவிட அதிகம்.

வாட்ஸ்அப்: தற்காலிக முடக்கம் இல்லை. கணக்கை நீக்கினால் எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேற்றப்படுவீர்கள், பழைய உரையாடலும் போகும். ஆகவே நீக்காதீர்கள், அடக்குங்கள். குழுக்களை "எப்போதும்" என்ற அளவில் மியூட் செய்து ஆர்கைவ் பகுதிக்குத் தள்ளுங்கள். புதிய மெசேஜ் வந்தாலும் ஆர்கைவிலேயே இருக்கும்படி செட்டிங்ஸில் ஒரு தேர்வு உண்டு, அதை இயக்குங்கள். ஸ்டேட்டஸ் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு, சேனல்களிலிருந்து விலகுங்கள். சபைக் குழு ஒன்றையும் குடும்பக் குழு ஒன்றையும் மட்டும் வெளியே வைக்கலாம். அந்தச் சபைக் குழுவிலும் நாளுக்கு ஐம்பது "காலை வணக்கம்" படங்கள் வருமானால் அதையும் உள்ளே தள்ளிவிட்டு, முக்கிய அறிவிப்பை மட்டும் போனில் சொல்லும்படி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. போனைத் தயார் செய்யுங்கள்

ஆப்பை அழித்தபின் பிரவுசர் வழி திறந்தே இருக்கும். குரோம், சஃபாரி இரண்டிலும் லாக்-அவுட் செய்து, சேமித்த பாஸ்வேர்டையும் நீக்குங்கள். பாஸ்வேர்டை நீளமாக மாற்றி, காகிதத்தில் எழுதி, அந்தக் காகிதத்தைக் கணக்குக் கேட்கும் நண்பரிடம் கொடுத்துவிடுவது பலருக்குக் கைகொடுக்கும்.

ஐபோனில் ஸ்கிரீன் டைம் பகுதிக்குத் தனிக் கடவுக்குறியீடு வைக்கலாம். அதையும் அந்த நண்பரையே போடச் சொல்லுங்கள். அதே பகுதியில் ஆப் நிறுவுவதையே தடுக்கும் தேர்வும் இருக்கிறது. வரம்பு மட்டும் வைத்தால் "இன்று மட்டும் விடு" என்ற பட்டன் வரும். வரம்பு முடிந்ததும் தடு என்ற தேர்வை இயக்கினால்தான் பூட்டு உண்மையில் பூட்டாகும்.

ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங்கில் ஆப் டைமர் உண்டு, நள்ளிரவில் அது புதிதாகத் தொடங்கும். ஆனால் வரம்பை நீங்களே ஒரு நொடியில் எடுத்துவிடலாம், கடவுக்குறியீடு கேட்காது. ஆகவே அங்கே டைமரை நம்பாமல் ஆப்பையே அழிப்பது நல்லது.

போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். அலாரம் கடிகாரம் அதற்காகத்தான். காலை அலாரத்தை அணைக்கப் போனை எடுப்பவர், எதற்கு எடுத்தோம் என்பதையே மறந்து அரைமணி நேரம் கழித்துத்தான் கீழே வைப்பார்.

வேதாகம ஆப்பைப் பற்றி: ஆராதனையில் பயன்படுத்துங்கள், தனி வாசிப்புக்கு இந்த நாட்களில் அச்சுப் பிரதியை எடுங்கள். வேதாகம ஆப்பிலும் நண்பர்கள், தொடர்நாள் எண்ணிக்கை, நோட்டிஃபிகேஷன் எல்லாம் வந்துவிட்டன.

7. காலியாகும் நேரம்

தொடங்கும் முன் போனில் கடந்த வாரத்துக்கான பயன்பாட்டு நேரத்தைப் பாருங்கள். சமூக ஊடகத்துக்கு மட்டும் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று காட்டினால், அந்த இரண்டு மணியையும் ஜெபத்துக்கு வைப்பேன் என்று தீர்மானிக்காதீர்கள். இதுவரை பத்து நிமிடம் ஜெபித்தவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்றாம் நாளே சோர்ந்துபோவார். காலையில் 30 நிமிடம், இரவில் 15 நிமிடம் போதும். மீதியைத் தூக்கத்துக்கும் வீட்டாருக்கும் பிறருக்கும் பிரித்துக் கொடுங்கள்.

காலை 30 நிமிடம்: இடம் ஒன்றே, நாற்காலி ஒன்றே, நேரம் ஒன்றே. வேதாகமமும் நோட்டும் முந்தைய இரவே அங்கே இருக்க வேண்டும். முதல் 12 நிமிடம் ஒரு அதிகாரம் வாசிப்பு, முடிந்தால் வாய்விட்டு. அடுத்த 5 நிமிடம், வாசித்ததில் தேவனைப் பற்றி ஒன்று, செய்ய வேண்டியது ஒன்று என இரண்டே வரி நோட்டில். 10 நிமிடம் ஜெபம்: ஸ்தோத்திரம், பாவ அறிக்கை, பிறருக்காக மன்றாட்டு, இந்த வரிசையில். கடைசி 3 நிமிடம் ஒன்றும் சொல்லாமல் அமர்ந்திருப்பது. இந்த மூன்று நிமிடம்தான் மிகக் கடினமாக இருக்கும், கைவிடாதீர்கள்.

எதை வாசிப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். வேதத்தைத் திறந்து விரல் பட்ட இடத்தில் வாசிப்பது ஒரு வாரம்கூடத் தாங்காது.

7 நாளுக்கு: மலைப்பிரசங்கம் மூன்று அதிகாரம் (மத்தேயு 5, 6, 7), பிறகு பிலிப்பியர் நான்கு அதிகாரம்.

21 நாளுக்கு: யோவான் சுவிசேஷம். சரியாக 21 அதிகாரம். 6ஆம் நாள் வரும் 6ஆம் அதிகாரம் 71 வசனம், அன்று பத்து நிமிடம் கூடுதலாக வையுங்கள்.

40 நாளுக்கு: ரோமர் 16, லூக்கா 24, மொத்தம் 40. லெந்து காலத்தில் ஞாயிறுகளை விட்டுவிட்டு ரோமரிலிருந்து தொடங்கினால் இந்தக் கணக்கு அழகாக விழும். பரிசுத்த வாரத் திங்களன்று லூக்கா 19, அதாவது எருசலேம் நுழைவு. பெரிய வியாழனன்று 22, கடைசி இராப்போஜனம். பெரிய வெள்ளியன்று 23, சிலுவை. சனியன்று 24, வெறுமையான கல்லறை. இதை மட்டும் ஈஸ்டர் காலைக்கு மாற்றி வைத்தாலும் தவறில்லை. ரோமர் 9 முதல் 11 வரை முதல் வாசிப்பில் பிடிபடாது. நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள், பிறகு போதகரிடம் கேட்கலாம். லூக்கா முதல் அதிகாரம் 80 வசனம், மலைத்துப்போக வேண்டாம்.

இரவு 15 நிமிடத்துக்கு ஒரு சங்கீதமும் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து ஒரு ஜெபமும். களைத்த நாளில் ஆரோகண சங்கீதங்களை எடுங்கள். 120 முதல் 134 வரை பதினைந்து, 132ஐத் தவிர மற்றவை மிகச் சிறியவை.

ஜெப நோட்டு தனி. இடது பக்கம் தேதியும் வேண்டுதலும், வலது பக்கம் என்ன ஆனது என்பதற்குக் காலி இடம். "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று எழுதினால் வலது பக்கம் எழுத ஒன்றும் இருக்காது. ஆள் பெயரும் தேவையும் குறிப்பாக இருக்கட்டும்.

இனி சில்லறை நேரம். உபவாசம் உடைவது காலையிலோ இரவிலோ அல்ல. வரிசையில் நிற்கும்போது, பேருந்துக்குக் காத்திருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டே, கழிப்பறையில், அலுவலகத்தில் இரண்டு வேலைக்கு நடுவே. இரண்டு மூன்று நிமிடத் துண்டுகள். இவற்றுக்கும் ஏதாவது கையில் இருக்க வேண்டும். போன் உறைக்குள் வைக்கும் அளவில் ஒரு அட்டை வெட்டி, ஒரு பக்கம் அந்த வாரம் மனப்பாடம் செய்யும் வசனம், மறுபக்கம் ஜெபிக்க வேண்டிய ஐந்து பெயர் எழுதுங்கள். கை பழக்கத்தில் போனை எடுக்கும், அட்டை கண்ணில் படும். சங்கீதம் 119 எட்டெட்டு வசனங்களாக 22 பகுதி, நாளுக்கு ஒரு பகுதி இந்தத் துண்டு நேரங்களுக்கு அளவானது.

வாரத்தில் ஒரு மாலை நேரம் ஆளைத் தேடிப் போங்கள். சபைக்கு வர முடியாத முதியவர், மருத்துவமனையில் இருப்பவர், பேசி நாளாகிப்போன உறவு. தனக்குள் மட்டும் சுருங்கும் உபவாசத்தை ஏசாயா 58 கடிந்துகொள்கிறது. பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதும் அங்கே உபவாசத்தின் பகுதிதான்.

8. முதல் வாரம் எப்படி இருக்கும்

கை போனைத் தேடும். யாரும் கூப்பிடாமலே அதிர்ந்தது போலத் தோன்றும். காரணமில்லாமல் எரிச்சல் வரும், வீட்டில் சொல்லி வைத்துவிடுங்கள்.

ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருவது சாதாரணம். இரவெல்லாம் போன் பார்த்துச் சேர்த்த தூக்கக் கடன் அது. தன்னைக் கடிந்துகொள்வதைவிட, ஒரு மணி நேரம் முன்னதாகப் படுப்பது பலன் தரும்.

வாசிப்பு வறண்டிருக்கும். நொடிக்கு நொடி மாறும் படங்களுக்குப் பழகிய மனம் பத்து வசனத்தில் அலையத் தொடங்கும். அலைந்த இடத்திலிருந்து வாய்விட்டு மறுபடி வாசியுங்கள், விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். உணர்வு வரவில்லை என்பதால் ஜெபம் கேட்கப்படவில்லை என்று ஆகாது.

ஒரு எச்சரிக்கை. நோயாலோ முதுமையாலோ வீட்டைவிட்டு வெளியேற முடியாமல், விசுவாசிகளோடு உறவே இணைய வழியாக மட்டும் இருப்பவர்கள் முழு உபவாசம் எடுக்க வேண்டாம். தள்ளத் தள்ள வரும் ஃபீடை மட்டும் விட்டுவிட்டு, ஜெபக் குழு அழைப்புகளைத் தொடருங்கள். ஊடகம் நின்றபின் இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வோ தூக்கமின்மையோ நீடித்தால் போதகரிடம் மட்டும் நிற்காமல் மருத்துவரையும் பாருங்கள். இதுவரை போன் மறைத்துவைத்திருந்த ஒன்று வெளியே வருவதாக இருக்கலாம்.

9. தவறிவிட்டால்

நாளைக் கணக்கிலிருந்து அழிக்க வேண்டாம், தண்டனையாக நாட்களைக் கூட்டவும் வேண்டாம். அன்றே நோட்டில் மூன்று விஷயம்: எத்தனை மணி, எந்த இடம், அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது. இரண்டு மூன்று தடவை எழுதினால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். பெரும்பாலும் வாக்குவாதம், தனிமை, முடிக்க மனமில்லாத வேலை. எந்த வழியாக உள்ளே போனீர்களோ அந்த வழியை அன்றே அடைத்துவிட்டு, நண்பரிடம் சொல்லிவிட்டு, அடுத்த நாளைத் திட்டப்படி தொடருங்கள்.

10. திரும்பி வரும் நாள்

இதற்கான முடிவுகளைக் கடைசி மூன்று நாளில் எழுதிவிடுங்கள். முடிந்த மறுநாள் எழுதினால் பழைய கை எழுதும். 1 கொரிந்தியர் 6:12ஐ வைத்துக்கொண்டு ஒவ்வொரு தளத்துக்கும் ஒரே கேள்வி: அனுமதி உண்டு, ஆனால் இது என்னை அடிமைப்படுத்துகிறதா? ஆம் என்று வருவது எதுவோ அது இன்னும் ஒரு மாதம் வெளியே இருக்கட்டும்.

மற்றவற்றை ஒரே நாளில் எல்லாம் திறக்காதீர்கள். வாரத்துக்கு ஒன்று, முதலில் கணினியில் மட்டும். ஆப்பைப் போனில் போடுவது அதற்கு அடுத்த வாரம், அதுவும் தேவையென்றால். முதல் நுழைவில் நேராக ஃபாலோ பட்டியலுக்குப் போய், இத்தனை நாளில் ஒருமுறைகூட நினைவுக்கு வராத பக்கங்களை நீக்குங்கள். சேனல்களில் திரும்பச் சேர வேண்டாம், வாட்ஸ்அப் குழுக்களை மியூட்டிலேயே விடுங்கள். காலை 30 நிமிடம் முடியும்வரை போன் அறைக்கு வெளியே என்பது மட்டும் மாறக்கூடாது.

எக்ஸிலும் ஸ்னாப்சாட்டிலும் மேலே சொன்னதை மீறி முடக்கியிருந்தால், 30 நாள் முடிவதற்கு ஓரிரு நாள் முன்பே உள்ளே வந்து கணக்கை மீட்டுவிட்டு மறுபடி வெளியேறுங்கள். அந்தத் தேதியை நண்பரிடமும் சொல்லி வையுங்கள், பாஸ்வேர்டு காகிதம் அவரிடம்தானே இருக்கிறது.